ஐப்பசியில் காய்ந்த துணி

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தினமும் சாயங்காலம் ஃபோனில் கேட்பாள். "இன்னிக்கு நடந்த நல்லது ஒண்ணு சொல்லும்மா." நாளுக்கு ஒரு நல்லதையாவது நினைத்துப் பார்த்தால் மனசு லேசாகுமாம். பக்கவாதத்தில் படுத்த கணவரைப் புரட்டித் துடைத்துவிட்டுக் குன்னூர் ஆபீஸுக்கு ஓடுகிற எனக்கு எது லேசாகும்? "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுது" என்பேன். அநேகமாகத் தினமும் அதே பதில்தான். அவளும் கேட்பதை விடவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. வெலிங்டனுக்கு மேலே எங்கள் வீடு. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் போட்டுத்தான் துணி காய வைப்போம். அவர் முதுகில் புண் வரத் தொடங்கியிருந்தது. ஈரம் பட்டால் பெரிதாகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

ஒரு காலை பளீரென்று வெயில். இந்த மலையில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள். அவருக்கு அடியில் கிடந்ததைத் தவிர மற்ற விரிப்புகளை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

மதியம் ஆபீஸ் ஜன்னலில் மூட்டம் ஏறியது, பின்னாலேயே மழை. மூட்டம் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்துத் துணிகளையும் சேர்த்து எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சில்லை. என் கொடி அவள் கொடிக்கு வரும் வெயிலை மறைக்கிறதாம். அதில் வார்த்தை தடித்து, முகம் பார்த்தே வெகுநாளாயிற்று. எந்த முகத்தோடு ஃபோன் செய்வது? லீவும் தீர்ந்திருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மதியமே கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போய்விடுவார். இன்றைக்கு அவருக்கு எதை விரிப்பேன் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

கால் கடுக்கப் படியேறி வந்தபோது என் கொடி காலி. உள்ளே கட்டிலருகே நாற்காலியில் விரிப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தொட்டேன், அடுப்பில் காய்ந்த சூடு இன்னும் இருந்தது. கறை போகாத துணிகள் அவை. எடுக்கும்போது நானே முகம் சுளிப்பேன். அவற்றையும் மூலைக்கு மூலை சேர்த்து மடித்திருந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில் அவளுடைய புடவைகள் சொட்டச் சொட்டத் தொங்கின.

"மொதல்ல நம்முளுது," என்றார் அவர், வாய் குழறி. "அப்புறம் மழ..."

அழுகை வந்தது. களைப்பினால்கூட இருக்கலாம். அடுத்த வீட்டில் போய் நன்றி என்று சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, சொன்னால் அந்நியமாகிவிடும். வெளியே போய் அவள் புடவைகளை எடுத்துப் பிழிந்தேன். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, வுடுங்க. நீங்களே வேலைக்குப் போய்ட்டு இப்பத்தான் வாறீங்க."

"எங்கூட்டு அடுப்புல கரி இருக்குதுங்க," என்றேன். புடவைகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

கூடையில் புடவையை விரித்துக்கொண்டிருந்தபோது மகளின் ஃபோன். "இன்னிக்கும் பஸ்ஸுல எடந்தானாம்மா?"

"இல்ல, நின்னுட்டேதான் வந்தேன்."

"அப்ப நல்லது ஒண்ணுமே இல்லியா?"

"இருக்குது கண்ணு. பக்கத்தூட்டுச் சீலை நம்மூட்டு அடுப்புல காயுது. தீஞ்சுரும், ஃபோன வெய்யி."