உப்பு பூக்கும் மூலை

பள்ளிக்கூடச் சுவரில் நீங்கள் தினமும் பார்க்கிற பெரிய நண்டை வரைந்தது உங்கள் அம்மாதான். அதற்குக் கீழே இருக்கும் பதினோரு பெயர்களும் இரண்டாம் தடவை எழுதியவை. முதல் தடவை எழுதியதற்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து ஓர் ஓவியர் வந்தார். தெரு ஜனங்களோடு சேர்ந்து வரைவதுதான் தன் வேலை என்றார். மகளிர் குழுவிலிருந்து பதினோரு பேர் அவரோடு சேர்ந்தார்கள். நான் பெயிண்டர், சுவரைச் சுரண்டி பிரைமர் அடித்துக் கொடுத்தேன். "வரைஞ்சவங்க பேரு கண்டிப்பா இருக்கும்க்கா" என்று ஓவியர் முதல் நாளே சொன்னார். கடைசி நாள் அவரவர் பெயரை அவரவரே எழுதினார்கள். உங்கள் அம்மா மூன்று முறை அழித்து அழித்து எழுதினாள்.

மறுநாள் போனால் பெயர்களின் மேல் நீலம் அடித்திருந்தது.

"என்ன தம்பி இது?" என்று ஓவியரைக் கேட்டேன்.

"பேருங்க ஜாஸ்தியா இருந்தா படம் கெட்டுடும்ணே. அது கெடக்கட்டும், என் கையெழுத்த எங்க போடலாம்?"

உங்கள் அம்மா விரலில் ஒட்டியிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். நான் குழாயடி மூலையைக் காட்டினேன்.

"இங்க போடுங்க தம்பி. கேட்டுல நொழையறவங்க கண்ணு மொதல்ல இங்கதான் விழும்."

"அய்ய, அங்க உப்பு பூக்கு..." என்று ஆரம்பித்தவளின் காலை மிதித்தேன்.

அந்தச் சுவருக்கு ஆறு தடவை வெள்ளையடித்தவன் நான். அந்த மூலையில் ஈரம் ஏறி உப்பு பூக்கும்; எதை அடித்தாலும் ஒரு மழைக்குத் தாங்காது. அவர் தன் பெயரை முழ நீளத்துக்கு எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழையில் பெயர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வேலைக்குப் போகும்போது வண்டியை நிறுத்தி, இன்றைக்கு எந்த எழுத்து போனது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். இப்படிச் செய்யக்கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான். வாய் வரவில்லை. மழை விட்டதும் நண்டுக்குக் கீழே பதினோரு பேரும் மறுபடி எழுதினார்கள்.

பொங்கல் கழித்து ஓவியர் படத்தைக் காட்ட நாலு பேரைக் கூட்டிவந்தார். குழாயடியில் நின்று தேடினார்.

"என்னண்ணே, என் பேரு மட்டும் போயிடுச்சு?"

"பேரு இருந்தா படம் கெட்டுடும்னீங்களே தம்பி" என்றாள் உங்கள் அம்மா. கூட வந்தவர்கள் அவள் பெயரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "திரும்ப எழுதிக் குடுக்கறீங்களாண்ணே?"

"அதுக்கென்ன தம்பி" என்று பிரஷ்ஷை எடுத்தேன். அழகாகவே எழுதிக் கொடுத்தேன், அதே மூலையில்.