நாலு பேரும் கேட்ட ஒரே லைன்

கல்யாணி அக்கா மாரடைப்பில் காலமான செய்தி வந்தபோது, டெல்லி ஆர்.கே.புரம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மாமியார், ஸ்லோகம் படிக்க வந்த பக்கத்து வீட்டு மாமி. போனை எடுத்த மாமியார், "என் மருமக போயிட்டாளே!" என்று அழுதார். நானும் மருமகள்தான். அந்த நொடியிலும் அது உறுத்தியது, முருகன் மன்னிக்கட்டும்.

அக்கா என் மூத்த ஓர்ப்படி. நெடுஞ்சாலை விபத்துக் கட்டுப்பாட்டு அறையில் பணி. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கிரேன் நான்குக்கும் முன்பு தனித்தனி போன். கிரேன் முந்திப்போய்ப் பாதையை அடைத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் பின்னால் நின்று அலறும். நால்வரும் ஒரே லைனில் கேட்கும்படி செய்தவர் அக்கா. அதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். நவராத்திரிக்குச் சுண்டல் செய்தவள் நான்; வந்தவர்கள் கேட்டதென்னவோ, "கல்யாணி இன்னும் வரலையா?"

நான் பேப்பர் பார்த்து இந்தி கற்றவள். அவர் போனில், "பையா, பெஹலே ஆம்புலன்ஸ்!", அண்ணா, முதலில் ஆம்புலன்ஸ், என்று அதட்டினால் என் இந்தி வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

ஒருமுறை மதுரா கோவிலிலிருந்து திரும்புகையில் எங்கள் டாக்ஸியை லாரி இடித்தது. டிரைவர் உள்ளே சிக்கிக்கொண்டார். நான் அக்காவின் சொந்த நம்பருக்கு அடித்தேன். சொந்தம் பின்னே எதற்கு?

"உனக்கு அடியா, சாந்தா?"

"இல்லக்கா, டிரைவருக்கு..."

"அப்ப வச்சிட்டு கன்ட்ரோல் ரூமுக்கு அடி."

"நீங்கதானே கன்ட்ரோல் ரூம்!"

"எங்கிட்ட சொன்னா நான் ஒருத்திதான் கேப்பேன். அங்க சொன்னா நாலு பேரும் கேப்பாங்க. கிலோமீட்டர் கல்லப் பாத்து நம்பரச் சொல்லு. வை."

வைத்துவிட்டார். கல்லைப் பார்த்து கன்ட்ரோல் ரூமுக்கு நம்பரைச் சொன்னேன். தீயணைப்பு வீரர்கள் கதவை வெட்டினார்கள். டிரைவரை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. அதன் பிறகே கிரேன் நெருங்கியது. டிரைவர் பிழைத்தார். நான் மூன்று மாதம் அக்காவிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

இறுதி ஊர்வலத்தன்று அவர் தெருவில் கிரேன், ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப் எல்லாம் ஒரே ஓரமாக நின்றன. யாரும் சொல்லாமலே அக்காவின் வண்டிக்கு வழி திறந்திருந்தது. எனக்காக யார் இப்படி ஒதுங்கி நிற்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அதிகாரி ஒருவர், "மேடம் இல்லாம அந்த லைன் ஓடாதும்மா. இனி பழையபடி அவங்கவங்க நம்பர்தான்" என்றார்.

போய் வாருங்கள், அக்கா. பொறாமை இன்னும் தீரவில்லை.

இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கு: அந்த லைன் தொடருமா, தொடராதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.