உச்சி வெயிலில் வரும் வீட்டுக்காரர்

கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், பழைய வீட்டை வாங்கிப் பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் நாகேஸ்வரியும் கதிர்காமநாதனும் கொட்டாஞ்சேனையில் அந்த ஓட்டு வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள். மலிவாய் வந்ததே என்று வங்கிக் கடனில் வாங்கினார்கள். கூரை ஒழுகியது, சமைக்கிற குசினிச் சுவர் ஊறி உப்பியது, கக்கூஸ் முற்றத்தில் இருந்தது. "படிப்படியாத் திருத்துவம், நாகேஸ்" என்றார் அவர். திருத்தத் தொடங்குமுன், தொண்ணூற்றாறில், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

நாகேஸ்வரி ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் தட்டெழுத்தாளர். அழுதுகொண்டே வேலைக்குப் போனாள், கடனையும் கட்டினாள். அடுத்த மழைக்குப் படுக்கையறைக் கூரை ஒரு பக்கமாய் இறங்கிவிட்டது. திருத்தக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். வீடு இருவர் பெயரிலும் அல்லவா இருந்தது!

"மிஸிஸ், ஒண்டில் அவற்ற கையெழுத்து வேணும், இல்லாட்டி மரணச் சான்றிதழ் வேணும்" என்றார் அதிகாரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் வருவார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

கையிருப்பை நம்பி, ஹட்டன் பக்கத்து மேசன் காளியப்பனைப் பிடித்து வேலையைத் தொடங்கினாள். பகலில் அவள் கந்தோரில். அவன் வீட்டில் தனியாக. ஒருநாள் மாலை வந்து பார்த்தால் குசினிக் கதவு இடக்கைக்கு வாகாகப் போடப்பட்டிருந்தது.

"ஏன் காளியப்பன், இப்பிடி மாத்திப் போட்டனீங்கள்?"

"ஐயாதாங்க சொன்னாரு. உச்சி நேரத்துல வந்து நின்னு, இடது கைக்குத் தோதா வையின்னாரு."

"எந்த ஐயா?"

"நம்ம வீட்டு ஐயாதாங்கம்மா. செவுத்துல கலியாணப் படத்துல இருக்காரே, அவருதான்."

கதிர்காமநாதன் இடக்கைக்காரர். அதைக் காளியப்பனுக்கு யாரும் சொன்னதில்லை. நாகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் என்ன சந்தோஷம்! ஆமிக்குப் பயந்து ஒளித்துத் திரிகிறார், ஆளில்லாத நேரம் பார்த்து வருகிறார் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். லீவு போட்டு வாசலில் காத்திருந்தாள். அன்றைக்கு ஒரு காகம்கூட வரவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், ஐயா வந்து குளியலறைக்கு இடம் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

"சாப்பிடச் சொன்னேங்க. வீட்டு வேல முடியட்டும், அப்புறம் வந்துர்றேன்னுட்டாரு" என்றான் காளியப்பன். பிறகு தயங்கினான். "வெயிலு அப்படிக் கொளுத்துதுங்க. ஐயா சட்ட மட்டும் நனைஞ்சு சொட்டுது."

நாகேஸ்வரி அந்த நனைந்த சட்டையை மறந்துவிட்டு, வேலை முடிந்தால் வருவார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கூரைக்கு ஓடு வாங்குமுன் கையிருப்பு கரைந்தது. மிஞ்சியது தாலிக்கொடி. எங்கள் பெண்கள் மற்ற நகையெல்லாம் கழற்றுவார்கள். புருஷன் இருக்கும்வரை கொடியில் கைவைக்க மாட்டார்கள். "அவர் வாறதுக்காகத்தானே இதைச் செய்யிறன்" என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போனாள். அடகுக் காசு ஓட்டுக்குக் காணாது என்றதும் விற்றேவிட்டாள். கொடியைக் கழற்றினால் ஒரு மஞ்சள் கயிறாவது கட்டிக்கொள்வது வழக்கம். பதற்றத்தில் பாவி அதையும் மறந்தாள்.

அவள் திரும்பியபோது உச்சி வெயில். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஈ, எறும்பு இல்லை. வாசல் படலையடியில் காளியப்பன் பேயறைந்தவன் போல நின்றான்.

"இப்பத்தாங்க ஐயா போனாரு. நீங்க வர்றதப் பாத்து இங்கதான் சிரிச்சுக்கிட்டே நின்னாரு. கிட்ட வந்ததும் உங்க கழுத்தப் பாத்தாரு. 'அப்ப நான் இல்லையோ'ன்னு கேட்டுட்டு, உங்கள ஒட்டித்தாங்க நடந்து போனாரு. நீங்க பாக்கலீங்களா?"

நாகேஸ்வரி தெருமுனைவரை ஓடினாள். யாருமில்லை. திரும்பி வந்து, மூச்சு வாங்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்தா, அடகுதான் வைச்சது, விக்கேல்லை எண்டு சொல்லுங்கோ காளியப்பன். கட்டாயம் சொல்லுங்கோ."