அரண்மனைக்குப் போன அரிசியும் திருநீறும்

எங்கள் அம்மாவை வழியனுப்ப முரசுமோட்டைக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்ட அக்கா, "சனம் அழுகிற மாதிரி எழுதிப்போடாதை. அம்மாவுக்கு அது பிடிக்காது" என்றும் சொல்லிவிட்டார். எனவே எல்லோரும் அரைகுறையாகக் கேள்விப்பட்ட அந்த அரண்மனைக் கதையை முழுமையாக எழுதுகிறேன். செத்தவீட்டில் மூன்று பேர் அதை மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் அம்மா அரண்மனையில் விருந்துண்டதாகவே சொன்னார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா வடமராட்சியில் பிறந்தவர். குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்த பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாக முரசுமோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேயே வளர்ந்து, இங்கேயே அப்பாவைக் கைப்பிடித்து, எங்கள் இருவரையும் பெற்றார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தண்ணீர்க் கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஐயா, தண்ணி கடைக்காணிக்கு வரட்டும், பிறகு ஆறுதலாக் கதையுங்கோ" என்று அம்மா எழுந்து சொன்னதை ஊர் இன்றும் மறக்கவில்லை. அன்றும் அம்மா உடுத்தியிருந்தது அதே பச்சைச் சேலைதான். எந்தக் கலியாணத்துக்கும் அந்தச் சேலையோடுதான் போவார். "உடுப்பைப் பார்க்க வாற ஆக்கள் கடைக்குப் போகட்டும்" என்பார்.

முள்ளிவாய்க்காலில் அப்பாவை இழந்தோம். அந்த நாட்களைப் பற்றி அம்மா கடைசிவரை கதைத்ததில்லை. நானும் எழுதவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த பின்னர் ஒருவாறு நான் வாழும் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "பொலிஸ்காரர் மறந்துபோன கதையை நாங்கள் ஏன் ஞாபகப்படுத்துவான்" என்பது அம்மாவின் கட்டளை. அங்கே அரச குடும்பம் ஒன்று உண்டு என்று மட்டும் சொல்லலாம்.

அகதியாக ஏற்றுக்கொண்டு அம்மாவுக்கு ஒரு பயணப் புத்தகம் கொடுத்தார்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது என்று அதில் எழுதியிருந்தது. அதை வாசித்துச் சொன்னபோது அம்மா சிரித்தார். "எனக்குப் போக வேண்டிய ஒரே இடத்தைப் பார்த்து எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தால் ஊரிலேயே இருக்கும் அக்காவிடமும் வயலுக்கும் போய்வரலாம். சொந்த ஊருக்குப் போக இன்னொரு நாட்டுக்காரியாக வேண்டியிருந்தது. ஆண்டுகள் நிறைந்ததும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் அம்மாவுக்கு இளவரசி அறிமுகமானார். ராசாவின் தங்கை அவர், அறுபது வயது கடந்தவர். தொலைக்காட்சியில் ஒரு முதியோர் இல்லத்தின் திறப்பு விழாவைக் காட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நகரத் தலைவர் பேச்சை விரித்ததும், "முதியவர்கள் நனைகிறார்கள், முதலில் கதவைத் திறவுங்கள்" என்று சொல்லி இளவரசி தானே நாடாவை வெட்டினார். அம்மா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"பிள்ளை, என்ன சொன்னவா? வடிவாச் சொல்லு."

சொன்னேன்.

"இவா எங்கட ஆள்" என்றார் அம்மா.

அதன் பிறகு வீட்டில் வேறு செய்தி கிடையாது. இளவரசியின் நீல மேலங்கியை அம்மா கண்டுபிடித்தார். எல்லா விழாவுக்கும் அதே அங்கி. கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்கிய தையல் கோடும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. "ராசா வீட்டுப் பிள்ளை, தைச்சுத் தைச்சு உடுக்கிறா" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னார். நாங்கள் அம்மாவையே இளவரசி என்று பகிடி பண்ணத் தொடங்கினோம். அவருக்கு உள்ளூரச் சந்தோசம்.

அந்தத் தையில் ஊரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் அக்கா புது அரிசி அனுப்பியிருந்தார். தைப்பூசத்துக்குப் புதிர், அதாவது வயலின் முதல் கதிர், எடுத்து, முதல் அரிசியில் அயலவருக்கும் உறவுக்கும் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அம்மா மாடி வீடுகளின் கதவைத் தட்டிக் கொடுத்தார். ஒரு கிண்ணம் அரிசியைத் தனியே எடுத்து வைத்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு காலையில் சீருடையில் இருவர் வாசலில் நின்றார்கள். அம்மா தன் கையாலேயே பொதி கட்டி, ஒரு பிஸ்கட் பேணியில் இருந்த அரண்மனைப் படத்தின் கீழுள்ள எழுத்துக்களை விலாசமென்று அப்படியே பார்த்து எழுதி, தபாலில் சேர்த்திருக்கிறார். உள்ளே அரிசி, தமிழில் ஒரு கடிதம், கூடவே சிறு பொலித்தீன் பையில் கோயில் திருநீறு. அரண்மனைக்கு வந்த வெள்ளைப் பொடி, விஷமென்றே நினைத்திருக்கிறார்கள்! பொதியின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டு விலாசத்தை வேறு ஒழுங்காக எழுதியிருந்தார்.

உள்ளே வந்து கதிரையில் இருந்து, பொடி என்னவென்று கேட்டார்கள். நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். அம்மா சாமியறைக்குள் போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்தார். நெற்றியில் பூசினார். ஒரு சிட்டிகையை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டார். இரண்டு பொலிஸ்காரரும் ஒரேயடியாகக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்கள்.

"இருங்கோ தம்பியவை, தேத்தண்ணி வருகுது" என்றார் அம்மா.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் பொடி பரிசோதனைக்குப் போனது, அம்மாவின் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. அன்று நான் அம்மாவைப் பேசிய பேச்சை இந்த மலரில் ஒப்புக்கொள்ள வேண்டும். "உங்களுக்கு ஏனம்மா இந்த வேலை? இனி ஊரைக் காணவே ஏலாது" என்று கத்தினேன். அம்மா கோபப்படவில்லை.

"அவவின்ர நாட்டிலதானே இருக்கிறம். அயலுக்குக் குடுக்காமல் எப்பிடிப் பிள்ளை புதிர் சாப்பிடுறது?"

அடுத்த தைப்பூசமும் வந்து போனது. அறுவடைப் படங்களை அக்கா அனுப்ப, அம்மா கைத்தொலைபேசியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். நான் அறையை விட்டுப் போய்விடுவேன். அவர் ஊரைக் காணாமலே கண்ணை மூடிவிடுவாரோ என்ற பயம் என்னைத் தின்றது.

பிறகு, அந்தக் கோடையில், கடிதம் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது. புதுக் குடிமக்களை வரவேற்கும் நிகழ்ச்சிக்கு நகர மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக இளவரசியின் பெயர் இருந்தது. அம்மா அலுமாரியைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்தார்.

நீல மேலங்கியோடு இளவரசி வந்தார். வரிசையில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வந்தவர், அம்மாவின் பெயரை வாசிக்கக் கேட்டதும் நின்றார். மேலங்கிப் பையிலிருந்து அந்தச் சின்னப் பொலித்தீன் பையை வெளியே எடுத்தார். அதில் பரிசோதனை இலக்கம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

"அரிசியை எனக்குத் தரவில்லை, அழித்துவிட்டார்களாம். உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துத் தந்தார்கள். இதை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது சாம்பல்தான் என்று தெரிந்த பிறகும் இவரை இவ்வளவு காலம் காக்க வைத்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அம்மா இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிசியைப் பழுதாக்கிப்போட்டாங்களே. வாற வருசம் நான் ஊருக்குப் போய்க் கொண்டுவாறன், அவவை யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். நான் மரியாதைக்கு, மிக்க நன்றி என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அம்மா என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் நன்றி சொல்லேல்லை. அரிசியைச் சொல்லு."

சொன்னேன். இளவரசி வாய்விட்டுச் சிரித்தார். இந்தச் சாம்பலை என்ன செய்வது என்று கேட்டார். அம்மா பையைத் திறந்து, அண்ணாந்து பார்த்து, "குனிய வேணும்" என்று கைகாட்ட, அவர் குனிந்தார். நெற்றியில் ஒரு கீற்று. இளவரசி கைக்குட்டையை விரித்துத் திருநீற்றில் பாதியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, மீதியைப் பையோடு அம்மாவிடமே கொடுத்தார். "ஊருக்குப் போகும்போது கொண்டு போங்கள்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ பயந்தனி. நானும் பயந்தனான்தான்" என்றார். அம்மா பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு ஒவ்வொரு தைக்கும் அம்மா இங்கே, முரசுமோட்டைக்கு, வந்தார். விமான நிலையத்தில் புதுக் கடவுச்சீட்டைப் பார்த்த உத்தியோகத்தர், "எந்த நாடம்மா?" என்று கேட்டபோது, "புத்தகம் அந்த நாடு. நான் முரசுமோட்டை" என்றார். திரும்பும்போது இளவரசிக்கு அனுப்ப ஒரு கிண்ணம் அரிசி பெட்டியில் இருக்கும். பொடி மட்டும் இல்லை, அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் நீல மை கையெழுத்தில் ஒரு சிறு நன்றிக் கடிதம் வந்தது.

இந்த ஆண்டும் பூசத்தன்று அம்மா தன் கையால் கதிர் கொய்தார். பன்னிரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சரிந்தவர் எழும்பவில்லை. தன் காணியில், தன் அரிசியை உண்ட வயிற்றோடு போனார். எனக்கு அழுகை வருகிறது, ஆனால் அவருக்காக இல்லை, அவர் இல்லாத எனக்காக.

அம்மாவைத் தூக்கிச் சென்ற கைகளுக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், மூன்று நாளும் எங்கள் குசினியில் அடுப்பெரியவிடாமல் சோறு தந்த வீடுகளுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், ஒரு குறையும் தெரியாமல் அம்மாவைப் பார்த்த அக்காவுக்கும் நன்றி. தூரத்தில், தைத்து உடுத்திய நீல மேலங்கிக்காரிக்கும் நன்றி.

அம்மாவின் நினைவு நிகழ்வுக்கு வந்த உங்கள் நெற்றியில் இன்று காலை பூசிய திருநீற்றில், இலக்கம் ஒட்டிய அந்தப் பையில் மீதியிருந்த பாதியைக் கலந்திருக்கிறோம். உலையில் கொதிப்பது அம்மா கொய்த புதிர் அரிசி. உங்களுக்குக் கொடுக்காமல் அம்மா சாப்பிட மாட்டார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.