பாலத்துக்கு இப்பக்கம் நின்ற கவச வண்டி

ஆரின் ட்வெட் தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டான். பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டவன், ராணுவப் பணிமனையில் நாலு வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், ஊர் திரும்பிப் இருபத்தைந்து வருஷமாக பெல்டன் கிரீக் என்ற சிற்றூரின் ஒரே மெக்கானிக். போலீஸின் இரண்டு ரோந்து கார்கள், பனி தள்ளும் லாரி, தீயணைப்பு வண்டி எல்லாம் அவன் பொறுப்பு. எந்த வண்டியைத் தொட்டாலும், பார்த்ததை ஒரு துண்டு காகித டேப்பில் எழுதித் தேதி போட்டு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனைவிட ஆறு வயது மூத்த அக்கா வெர்லா சிரித்ததில்லை. அந்தப் பழக்கம் அவளிடமிருந்து அவனுக்கு வந்ததுதான்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஊருக்குக் கவச வண்டி வந்தது. ராணுவம் வேண்டாமென்று கழித்ததைச் சிற்றூர் போலீசுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஊர் போலீஸ் சீஃப் ராய்ஸ் கெட்டில் விண்ணப்பத்தில் வெள்ளம், பனிப்புயல், போதைமருந்து என்று மூன்று காரணம் எழுதினார். நீளமான டிரெயிலரில் வந்து இறங்கிவிட்டது. பூமிக்குள் புதைத்த குண்டு வெடித்தாலும் தாங்குமாம். பெல்டன் கிரீக்கில் பூமிக்குள் புதைத்திருப்பது தண்ணீர்க் குழாய்கள்தாம். ஆரின் வேலை செய்யும் கொட்டகையின் கதவைவிட வண்டி ஒன்றரை அடி உயரம். அதனால் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தின் வரிசைப் பட்டியல் இருபத்திரண்டு வருஷமாக வெர்லாவின் வேலை. ஊர் மூன்று தெரு நீளம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடக் கூடாதென்று ஊர்வலம் பள்ளிக்கூடத்தில் கிளம்பி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, அக்கரைப் பூங்காவைச் சுற்றி அதே வழியில் திரும்பும். எல்லாரும் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பார்கள். அந்த வருஷம் முதல் வரியில் கவச வண்டி. இரண்டாவது, நாற்பத்தொரு பிள்ளைகள் கொண்ட பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழு.

மூன்றாம் தேதி விடிந்ததும் ஆரின் அவள் சமையலறைக்கு வந்து காபியை ஊற்றிக்கொண்டான்.

"வெர்லா, பட்டியல்ல முதல் வரியைப் பென்சில்ல எழுதினியா, பேனாவுலயா?"

"பேனாவுல. ஏன்?"

"அடிக்கவேண்டி வரும்."

அவன் மெதுவாகத்தான் பேசுவான். பாலத்துப் பலகையில் பதினைந்து டன் வரை என்று போட்டிருக்கிறது. வண்டிக் கதவில் ஒட்டிய தாளிலும் பதினைந்து டன். ஆனால் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஜாக்கி முனகியது. பக்கத் தகடுகளின் போல்ட்டுகள் வேறு நிறத்தில் இருக்கின்றன.

"அங்க பாலைவனத்துல வச்சு மேல மேல தகடு மாட்டியிருக்காங்க. தாள் அதுக்கு முன்னாடி ஒட்டினது. பொறந்தப்போ எடுத்த எடையை வச்சுக் கல்யாணச் சட்டை தைக்கிற மாதிரி."

"சீஃப்கிட்ட சொன்னியா?"

"நேத்தே சொன்னேன். தாள்லயும் பதினஞ்சு, பலகையிலயும் பதினஞ்சு, உனக்கு எங்க வலிக்குதுன்னாரு. நான் ஓட்டமாட்டேன்னேன். அவரே ஓட்டுறாராம். செவ்வாய்க்கிழமை கவுன்சில்ல வேற மெக்கானிக் பாக்கச் சொல்றாராம்."

வெர்லா பட்டியலை முன்னால் இழுத்தாள். நாற்பத்தேழு வயதில் அவனுக்கு இன்னொரு வேலை என்றால் நாற்பது மைல் போகவேண்டும். ஆனால் பட்டியலின் இரண்டாவது வரியும் அவள் கண்ணெதிரே இருந்தது.

"சாவியை ஒளிச்சு வச்சிடேன்."

"அதுக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் திருப்பினா ஓடும். சண்டை நடக்கிற இடத்துல சாவியைத் தேடிக்கிட்டா நிப்பாங்க?"

"அப்ப என்னடா பண்ணப்போற?"

"எடை போட்டுப் பாக்கணும். எனக்கும் நிச்சயமாத் தெரியாதே."

பாலத்துக்கு இப்பக்கம், அவ்வளவு பெரிய வண்டியை எடை போடும் இடம் தானியக் கிடங்கு ஒன்றுதான். விவசாயிகளின் சோள லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் காலை ஏழு மணிக்குக் கவச வண்டியை ஏற்றினான். கிடங்குக்காரி நடீன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். சீட்டு வந்தது: பத்தொன்பதரை டன்.

எட்டு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சீஃப் கெட்டில் கிடங்குக்குள் நுழைந்தபோது நாலைந்து விவசாயிகள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். வெர்லா பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ஆரின் சீட்டை நீட்டினான்.

"என்னடா இது? சரக்குன்னு போட்ட இடத்துல மக்காச்சோளம்னு இருக்கு!"

"என் மெஷினுக்கு மக்காச்சோளமும் சோயாவும்தான் தெரியும், சீஃப்," என்றாள் நடீன். "சோயா போட்டிருக்கணுமா?"

யாரோ காபியைத் துப்பிவிட்டார்கள். சீஃப் கழுத்து சிவந்தது.

"இந்த எடைமேடை சொல்றதை நான் நம்பணுமா? இது கூடுதலாக் காட்டுது!"

அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த கிழட்டு விவசாயி மெர்ல் ஹக்காபி கோப்பையைக் கீழே வைத்தார்.

"கூடுதலாவா காட்டுது? அப்ப இத்தனை வருஷமா என் சோளத்துக்கு அதிகமாத்தானே குடுத்திருக்காங்க. ராய்ஸ், உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், இதை யாரும் ரிப்பேர் பண்ணவேணாம்னு சொல்லு."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. நடீன் மட்டும் சிரிக்கவில்லை. மே மாதம் அரசாங்க ஆள் வந்து எடை சரியென்று வைத்த முத்திரையை விரலால் காட்டினாள். சீஃப் அதைக் குனிந்து படித்தார். நிமிர்ந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெர்லாவுக்கு அப்போதுதான் பயம் அதிகமானது. இத்தனை பேர் முன்னால் தோற்ற மனிதர் செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆரின் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. சீஃப் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சீஃப், முன்னாடி போனீங்கன்னா ஜனங்க உங்க பின்பக்கத்தைத்தான் பாப்பாங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரமா நிறுத்திட்டு மேல் மூடியைத் திறந்து நில்லுங்க. போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவை, மொத்த ஊர்வலமும் உங்களைத் தாண்டித்தான் போகணும்."

சீஃப் சீட்டை மடித்தார். பிறகு விரித்தார்.

"பிள்ளைங்களுக்கு மிட்டாய் யார் வீசுறது?"

"நீங்கதான். உயரத்துலேர்ந்து."

வெர்லா அங்கேயே, மெர்ல் உட்கார்ந்திருந்த மேஜையில் பட்டியலை வைத்து, முதல் வரியைப் பேனாவால் அடித்தாள்.

மறுநாள் பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள். பேண்டு வந்தது. கைப்பிடிக் கம்பி அவள் உள்ளங்கைக்குள் லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். நாற்பத்தொரு பிள்ளைகளையும் எண்ணினாள். திரும்பி வரும்போது மறுபடி எண்ணினாள். அதற்குள் சீஃபின் மூன்று மூட்டை மிட்டாயும் தீர்ந்து, நாலாவதுக்குக் கடைக்கு ஆள் போயிருந்தது. பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு கவச வண்டியடியில் பொறுக்கினார்கள். டிரம் அடிக்கும் பெண் டிரம்மைக் கவிழ்த்து அதில் அள்ளினாள். வெர்லா அதட்ட வாயைத் திறந்து, அதட்டாமல் மூடிக்கொண்டாள்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை இருந்தது.

திங்கட்கிழமை காலை, ஆரின் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனாள். சீஃபின் கார் வாசலில் நின்றது. அவள் கதவோரம் நின்றுவிட்டாள்.

"ரெண்டாம் நம்பர் கார் பிரேக் கத்துது," என்று உள்ளேயிருந்து சீஃபின் குரல் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்தா? நீ டேப்புல எழுதி ஒட்டலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" "நாளைக்குக் கவுன்சில் இருக்கு. நீயும் வரணும்."

வெர்லா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு, சீஃப்?"

"அந்தச் சனியனுக்குக் கொட்டகை கேக்கப்போறேன். மழையில எத்தனை நாள் நிக்கும்? எவ்வளவு உயரம் வேணும்னு நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். நீ சொல்லு."

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ் கால்கள் அசைந்தன. ஆரின் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து, கையைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான்.

"அளந்துட்டுச் சொல்றேன்," என்றான்.