முற்றத்துப் புல்லும் தெய்வசிகாமணியின் கைகளும்

கள்ளக்குறிச்சியில் உள்ள குடிமீட்பு மருத்துவமனை ஒன்றில், வெறிகொண்டு எழும் நோயாளிகளை அடக்குவதே தெய்வசிகாமணியின் வேலை. லாரிகளில் கரும்புக்கட்டு ஏற்றி முறுக்கேறிய கைகள் அவனுடையவை. சென்ற ஆடியில் ஒரு நோயாளியை மடக்கிப் பிடித்தபோது அந்த நோயாளியின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. "இன்னொரு எலும்பு உடைஞ்சா நீங்க வூட்டுக்குக் கெளம்பிடலாங்க" என்று மருத்துவர் சுபஸ்ரீ குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார். குடும்பத்தில் வேறு எவருக்கும் வருமானம் இல்லை.

சன்னலே இல்லாதிருந்த நோயாளிகள் வார்டின் ஒரு சுவரை அண்மையில்தான் இடித்துக் கண்ணாடிக் கதவு பொருத்தினார்கள். கதவுக்கு அப்பால் வானம் பார்த்த முற்றம். அதில் இடுப்பளவு உயர்ந்த அழகுப் புல். பச்சையைக் கண்டால் நோயாளியின் பதற்றம் தணியும் என்றார் கட்டடப் பொறியாளர்.

"புல்லப் பாத்தா மாடுதாங்க அடங்கும்" என்றான் தெய்வசிகாமணி.

கல்வராயன் மலையிலிருந்து குப்பனை அழைத்துவந்து சேர்த்தவள் அவன் மனைவி வெள்ளச்சி. குடி நின்றதும் அவனுக்கு நடுக்கமும் பிதற்றலும் கண்டன. ஒரு மாலை, திறந்திருந்த கதவின் வழியே காற்று புகுந்தது, புல் அசைந்தது.

"காட்டுப்பன்னி எறங்கிடுச்சு!"

குப்பன் கட்டிலிலிருந்து பாய்ந்தான். கையில் ஏறியிருந்த ஊசி பிய்ந்து இரத்தம் சுவரில் தெறித்தது. குளுக்கோஸ் தொங்கிய கம்பியைப் பிடுங்கிச் சுழற்றினான். அது தெய்வசிகாமணியின் புருவத்தைப் பிளந்தது.

"தெரைய இழுங்க! புல்லப் பாத்துத்தான் மெரளுறான்" என்று கத்தினான் தெய்வசிகாமணி.

செவிலியர் செந்தமிழ்ச்செல்வி கண்ணாடிக் கதவின் திரையை இழுத்தார். அதுதான் பிழையாகிப் போயிற்று. சலசலப்புக் கேட்டது, புல் தெரியவில்லை. குப்பனின் வெறி இருமடங்காயிற்று. கட்டிப் பிடித்த தெய்வசிகாமணியின் காதைக் கடித்துச் சதையைத் துப்பினான். தெய்வசிகாமணி அவனைத் தரையில் அறைந்து, மார்பில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னுக்கு முறுக்கினான். மூட்டு நெரிந்தது. குப்பனின் உதடு நீலம் பாரித்தது.

சோற்றுத் தட்டோடு வந்த வெள்ளச்சி வாசலிலேயே கத்தினாள்: "யோவ், வுடுய்யா கைய. அந்தப் புல்லு அவனுக்குச் சாமைக் கொல்லைய்யா. சாமைக்குக் காவலு நிக்கிறவன் கண்ண மறைச்சா கம்முனு இருப்பானா? போன வருசம் இவன் குடிச்சிட்டுக் கெடந்தப்பதான் பன்னி மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போச்சு. தெரையத் தொறங்க."

இன்னும் சற்று முறுக்கினால் எலும்பு போய்விடும். காதிலிருந்து குருதி வழிய, தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை விட்டான். திரை விலகியது.

குப்பன் இருமியபடியே கட்டிலில் ஏறி, கொல்லைக் காவல் பரண்மேல் அமர்வதுபோல் முற்றத்தை நோக்கிக் குந்தினான். வெள்ளச்சி சோற்றை வழித்துவிட்டுத் தட்டையும் கரண்டியையும் நீட்டினாள். நடுங்கிய கைகளில் அவை நிற்கவில்லை. அவன் தெய்வசிகாமணியைப் பார்த்தான்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? அடி. சத்தம் கேட்டாத்தான் ஓடும்."

தெய்வசிகாமணி தட்டை வாங்கிக் கரண்டியால் அடித்தான். தட்டில் அவனுடைய இரத்தம் சொட்டியது. ஓசைக்கு ஓசை குப்பனின் மூச்சு தணிந்தது. கண்கள் மட்டும் புல்லை விட்டு அகலவில்லை.

மருத்துவர் ஓடிவந்தார். "எலும்பு ஏதாவது...?"

"இல்லீங்க டாக்டர். எங்காதுதான் கொஞ்சம் கம்மி."

குப்பன் திரும்பாமலே அதட்டினான். "பேசாம அடிய்யா. இன்னும் ஒண்ணு உள்ளாற கீது."