பரிசாக வந்த பீங்கான்

பழைய சீனப் பீங்கான் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வாங்கினால் மட்டும் போதாது... அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்றும் தோண்ட வேண்டும். தோண்டியதால்தான் இந்த வாரம் மனசு சரியில்லை.

மாத்தளையில் என் நண்பர் சந்திரன் மாஸ்டரிடம் ஒரு தட்டு வாங்கினேன். வெள்ளைப் பீங்கானில் எனாமல் வர்ணம் — ரோஸ் நிறப் பூக்கள், ஓரத்தில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. மாஸ்டருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்தவர். "தொரசாணி எங்கப்பாவுக்குப் பரிசா குடுத்தாங்க" என்றார் — தோட்டத் துரையின் மனைவியைத்தான் சொல்கிறார். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாட்சிக்கு ஒருவர் வேண்டாமா? அந்தத் தோட்டத்து பங்களாவில் சமைத்த ராமையா இப்போது மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபது தாண்டியவர். மகள் செல்வி குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார், பிளேன்டீ கொடுத்தார்.

போனில் படத்தைக் காட்டினேன். ராமையா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இந்தப் பீங்கானத்தான் நான் களவெடுத்தேன்னு சொன்னாங்க சேர்."

காணாமல் போன தட்டுக்காக துரைசாணி பங்களாவையே புரட்டிப் போட்டிருக்கிறார். பழி சமையல்காரர் மேல். வேலை போனது, குடியிருந்த லயத்து அறையும் போனது. பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டு வெளியேறியிருக்கிறார்.

பரிசாகக் கொடுத்தவர் எதற்குத் தேடுவார்? எடுத்தது கிளாக்கர்தான் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க கெடச்சிச்சு சேர்?" — செல்வி கேட்டார்.

"கண்டியில... ஒரு கடையில."

ஏன் அப்படிச் சொன்னேன்? மாஸ்டரின் மானத்துக்காக என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. களவுபோன தட்டு என்றால் அதை நான் வைத்துக்கொள்ள முடியாதே — அந்தப் பயம் மீதிப் பாதி.

ஐந்து வாரம் அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை. கடைசியில் ராமையா சொன்னதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அப்பா கடைசி வரைக்கும் அந்தத் தட்ட வெளியில எடுக்க விடல... ஏன்னு இப்பதான் புரியுது. போய்ச் சொல்லிருங்க."

போன ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போய்ச் சொன்னேன். ராமையா அதைத் தொடவில்லை.

"இது எங்க வீட்ல வேணாம் சேர். மறுபடியும் யாராச்சும் களவும்பாங்க. செல்விகிட்ட மட்டும் சொல்லிருங்க. கள்ளன் மகள்னு பள்ளிக்கூடத்துல அவதான் பேச்சு வாங்குனா."

செல்வி குவைத்துக்குத் திரும்பிவிட்டிருந்தார். ராமையா வாட்ஸ்அப்பில் அழைத்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"எங்கப்பா எடுக்கலன்னு எனக்கு எப்பவுமே தெரியும் சேர்" என்றார் செல்வி. "நான் அங்க இருந்தப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, அதக் கேக்குறப்ப அப்பா மொகத்தப் பாத்திருப்பேன்."